மூன்றாம் நான்காம் பிஸ்டன்

அந்த நர்ஸின் கார் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில். வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. காருக்கு அடியில் அட்டை விரித்து இரண்டு நாள் நிறுத்திப் பார்த்துவிட்டேன், அட்டையில் ஒரு கறைகூட இல்லை. அப்படியானால் உள்ளேதான் எரிகிறது. ஏன் எரிகிறது என்பதற்கு ஆரம்பத்திலேயே ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, அதை நிரூபிக்க முடியாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் வீடு வீடாகப் போய் நடமாட முடியாத நோயாளிகளைப் பார்க்கிறவர். ஒரு தடவை அவருடைய காரின் இன்ஜின் தண்ணீரில்லாமல் கொதித்து நின்றுபோனது. நானும் என் தம்பியும்தான் அதைப் பிரித்து, பிஸ்டனுக்குப் புது ரிங், புது வால்வு சீல் எல்லாம் போட்டுப் பூட்டிக் கொடுத்தோம். அதற்கு முன் அந்த இன்ஜின் ஆயில் கேட்டதே இல்லை. பூட்டிய மூன்றாம் வாரம், ஆயில் மட்டம் அடிக்கோட்டுக்கு இறங்கிவிட்டது என்று வந்து நின்றார்.

எங்கள் கடையில் ஒன்பது வருடமாக ஒரே முறைதான். ஃபேன் பெல்ட் பக்கம் இருக்கிற ஒன்றாம், இரண்டாம் பிஸ்டன் தம்பிக்கு. மூன்றும் நான்கும் எனக்கு. மேலே ஹெட் வேலை, அதாவது வால்வும் அதன் சீலும், முழுக்க அவனுடையது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். முதல் இரண்டும் சுத்தம். மூன்றிலும் நான்கிலும் கரியும் ஆயிலும் அப்பிக் கிடந்தன. தம்பி எட்டிப் பார்த்தான்.

“சீல் போயிருந்தா காலையில ஸ்டார்ட் பண்றப்பதான் புகை வரும். இவங்க மேடு ஏறும்போது வருதுன்னு சொல்றாங்க. மூணு, நாலு ரிங்கைப் பார்க்கணும்ணா.”

சரியாகத்தான் சொன்னான். ஆனால் நர்ஸுக்கு எதிரில் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட ரிங்கையா இவன் சந்தேகப்படுகிறான்? போனில் அரட்டை அடித்துக்கொண்டே சீல் போட்டால் இப்படித்தான் ஆகும், இவன் கை பட்ட வேலையே இந்த லட்சணம்தான் என்று அந்த அம்மா காதுபடச் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேரிடமும் சொன்னேன்.

தம்பி கையைத் துடைத்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ரோஷம் எத்தனை நாளைக்கு, தானாக வருவான் என்று இருந்தேன். வரவில்லை. என் மனைவி அவனுக்குப் பரிந்து பேசிப் பேசி அலுத்து, என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். இன்ஜினை இறக்கும்போது அந்தப் பக்கம் பிடிக்க ஆளில்லாமல், வந்த வண்டிகளில் பாதியைத் திருப்பி அனுப்பினேன். அவன் எனக்கு வேண்டும். ஆனால் தப்பு அவனுடையது என்று முதலில் தெரியவேண்டும். பிறகு பெரிய மனது பண்ணி மன்னித்துக் கூட்டிக்கொள்ளலாம். இதுதான் என் திட்டம்.

திட்டத்துக்கு இன்ஜின் ஒத்துழைக்கவில்லை. பதினாறு சீலையும் நானே மாற்றினேன். கழற்றிய பழைய சீல்களில் ஒன்றுகூடக் கிழியவில்லை, கோணவில்லை. பார்த்தும் பார்க்காததுபோலக் குப்பை டப்பாவில் போட்டேன். ஆயில் குறைந்தது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இழுக்கிற வால்வை மாற்றினேன். அப்போதும் குறைந்தது. கெட்டியான ஆயில் ஊற்றினேன், அதையும் குடித்தது. சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை, அதாவது உள்ளழுத்தத்தை, அளந்தேன். நான்கிலும் நன்றாகவே காட்டியது. பார்த்தாயா, ரிங்கில் குறையில்லை என்று யாருமில்லாத கடையில் சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நர்ஸ் வந்தார். ஒரு நோயாளி வீட்டு வாசலில் காரைத் திருப்பும்போது புகை உள்ளே போய், மூச்சிரைப்புக்காரர் இருமி இருமி ஓய்ந்துபோனாராம்.

“மூச்சு விட வைக்கத்தான் நான் போறேன். என் காரே அவர் மூச்சை நிறுத்தப் பார்த்துச்சு. இதை உங்ககிட்ட விடவா, வேற இடம் பார்க்கவா?”

வேறு வழியில்லாமல் இன்ஜினைப் பிரித்தேன். தம்பி போட்ட இரண்டு பிஸ்டனில் ஒரு குறையுமில்லை. மூன்றாவதைக் கையில் எடுத்தேன். பிஸ்டனைச் சுற்றி இருக்கிற மூன்று ரிங்கில் நடு ரிங்குக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் உண்டு. மேல்பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். சரியாகப் போட்டால் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கீழே வழித்துவிடும். தலைகீழாகப் போட்டால் மேலே தள்ளி எரியவிடும், கம்ப்ரெஷன் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலக் காட்டும். என் கண்ணுக்குப் புள்ளியே தெரியவில்லை. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். புள்ளி கீழ்ப்பக்கத்தில் இருந்தது. நான்காவதிலும் அப்படியே. கண்ணாடி போட்டுக்கொள் என்று வீட்டில் இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள். எனக்கு விரல்தான் கண் என்று வாய் கிழியப் பேசியவன் நான்.

புது ரிங் வாங்கி, பக்கத்துக் கடைக்காரரின் கண்ணாடியை இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்துப் பூட்டினேன். அன்றே தம்பியிடம் போயிருக்க வேண்டும். ஆயில் குறைவது நிற்கட்டும், பிறகு போகலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து நர்ஸ் வந்தபோது மட்டம் இம்மியும் இறங்கவில்லை. அவரிடம் உண்மையைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வாடிப்போனது. தம்பி சேர்ந்த புதிதிலேயே பஞ்சருக்காக அந்த டயர் கடைக்குப் போயிருக்கிறார்.

“உங்க தம்பி கையில என் வண்டியைக் கொடுக்காதீங்கன்னு அங்க முதலாளிகிட்ட சொல்லிட்டேனே. நீங்க சொன்னதை நம்பித்தான் சொன்னேன்.”

உடனே கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். தம்பி வாசலில் ஒரு வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருடம் இன்ஜின் பூட்டிய கை. பக்கத்தில் போய், நடு ரிங் தலைகீழ், நான் போட்டதுதான் என்றேன். அவன் நிமிரவில்லை.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும். என்கிட்ட சொல்லி என்னண்ணா ஆகப்போகுது? உள்ள இருக்காரே, அவர்கிட்ட சொல்லு. இத்தனை மாசமா ஒரு நட்டு முடுக்க விடல.”

உள்ளே முதலாளியைச் சுற்றி நாலைந்து பேர் இருந்தார்கள். அவன் பெயரைக் கெடுக்கும்போது தாராளமாக வந்த வார்த்தைகள் இப்போது ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

“அந்த நர்ஸ் வண்டியில தப்பு பண்ணது நான். பழியை இவன் மேல போட்டுட்டேன். இவனை மாதிரி சுத்தமா வேலை பார்க்க எனக்கே வராது.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார். அவன் கையிலிருந்த காற்றுக் குழாயை இன்னொருவனிடம் கொடுக்கச் சொல்லி, இனி உள்ளே வண்டிகளைக் கழற்றிப் பூட்டுகிற வேலை முழுவதையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். தம்பியின் முகம் தெளிந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஜாக்கியில் நின்ற காருக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்துகொண்டான். கடைக்கு வாடா என்று கூப்பிட வாயெடுத்த நான், கூப்பிடாமலே நின்றேன். அவனைக் கூட்டிக்கொண்டு வரப் போனவன், அவனுக்கு அங்கே ஒரு நல்ல வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பினேன்.