பையனுக்குத்தான் வாங்குறேன்

நான் தேடிப்பிடித்துப் போன கம்ப்யூட்டர் கடை அது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ அவர்களைப் பெற்றவர்களோ எட்டிப்பார்க்காத தூரத்தில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தெருவில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஒரு கால்தான் வைத்தேன்.

"டீச்சர்! நீங்களா?"

கவுண்டருக்குப் பின்னால் என் பழைய மாணவன் 'வால்'. வகுப்பே அவனை அப்படித்தான் கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கணக்கு நோட்டுக்கு அடியில் கையடக்க கேம் ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்து, எல்லார் முன்னாலும் நிற்கவைத்து நான் பேசிய பேச்சு இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரபலம். இப்போது தாடியும் மீசையுமாக நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

"வாட்டர் கூலிங் வச்ச கம்ப்யூட்டர் பாக்கணும்ப்பா," என்றேன்.

"யாருக்கு டீச்சர்?"

"பையனுக்கு."

யோசிக்கவே இல்லை. பொய் சொல்பவர்களைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஊரறிந்த பெயர். என் வாயிலிருந்து அது எவ்வளவு வழவழப்பாக வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கம்ப்யூட்டர் எனக்குத்தான். ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக் கண்ணாடியும் மூட்டு வலியுமாக, நான் துப்பாக்கியால் சுடுகிற கேம் விளையாடுகிறேன். சும்மா பொழுதுபோகாமல் ஆரம்பித்ததல்ல; எந்தக் கேமில் பிள்ளைகள் இப்படி விழுந்துகிடக்கிறார்கள், தெரிந்துகொண்டு திட்டுவோம் என்று லேப்டாப்பில் ஒன்றை இறக்கினேன். திட்டவேண்டியவள் விழுந்துகிடக்கிறேன். சாயங்காலமானால் அறைக்கதவைச் சாத்திவிட்டு, "பேப்பர் திருத்தறேன், யாரும் வராதீங்க" என்று குரல் கொடுப்பேன். உள்ளே ஹெட்போனும் நானும்தான்.

காட்டிக்கொடுத்தது லேப்டாப்பின் ஃபேன். விளையாட்டு சூடுபிடித்தால் அதுவும் சூடாகி, மிக்ஸி மாதிரி கத்தத் தொடங்கும். "பேப்பர் திருத்தறதுக்கு அது ஏன் இந்தக் கத்து கத்துது?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார். அன்றைக்குத்தான் வாட்டர் கூலிங் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சூட்டைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய்விடும். ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினால் போதும், சத்தமே வராது. மற்றவர்கள் வேகத்துக்காக வாங்குவதை நான் ஒளிந்துகொள்வதற்காக வாங்கப் போனேன். என் சொந்தச் சம்பளத்தில் சேர்த்த பணம்தான். ஆனாலும் திருடி போலத்தான் போனேன்.

வால் ஆர்வமாகிவிட்டான். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைத்தான்.

"தம்பிக்கு எந்த மாதிரி கேஸ் பிடிக்கும் டீச்சர்? இதப் பாருங்க, முன்னாடி முழுக்க லைட்டு. பசங்க உயிர விடுவாங்க."

கல்யாண மண்டப வாசல் மாதிரி மின்னியது. எனக்கு வேண்டியது, ஒரு மூலையில் கறுப்பாக, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிற ஒன்று.

"அவனுக்கு லைட்டெல்லாம் பிடிக்காது."

"அப்படியா? கேட்டுருங்களேன். அப்புறம் அம்மா வாங்கிட்டு வந்தது பிடிக்கலன்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்குவாங்க."

போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போனேன். யாரையும் அழைக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துத் தலையை ஆட்டி, வாயை அசைத்துவிட்டு உள்ளே வந்து, "வேண்டாங்கறான்" என்றேன். அடுத்து, சுடுதண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர். வால் காட்டியது அலுமினியம். சிப்புகளின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக்குகளோ தாமிரம். இரண்டையும் ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றை ஒன்று அரித்துத் தின்றுவிடும் என்பது இதைப் படித்த யாருக்கும் தெரியும். ஆனால் டீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால்? மறுபடியும் வெளியே போய்த் தலையாட்டினேன். "தாமிரமே போடச் சொல்றான். ரெண்டு உலோகம் கலக்கக் கூடாதாம்."

"ஐயோ, ஆமா! எனக்குத்தான் கவனமில்ல. தம்பி கில்லாடி டீச்சர்!" என்றான் வால். இல்லாத அழைப்பில் என் பையன் வாங்கிய பாராட்டு எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெட்கங்கெட்டவள் நான்.

மூன்றாவது தடவை, கலர் தண்ணீரா வெறும் தண்ணீரா என்று 'கேட்க' வெளியே போனேன். ஆளில்லாத போனில், "கலர் ஊத்தினா கொஞ்ச நாள்ல படிஞ்சு அடைச்சுக்கும்" என்று நானே மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, காதருகிலேயே போன் அலறியது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. என் பையன்.

"அம்மா, பால் இல்ல. வாங்கி வைக்கவா?"

"வாங்கி வைப்பா," என்றேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். நல்லவேளை, வால் முதுகைக் காட்டி நின்று பம்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அந்தக் குரல் மறுபடி மறுபடி காதில் கேட்டது. அவன் பாட்டுக்குப் பாலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

என் பையன் அப்போது வேலையில்லாமல் இருந்தான். அவன் மேல் தப்பில்லை, கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். காலையில் இன்டர்வியூ, மாலையில் "சொல்லி அனுப்பறோம்" என்ற பதில். வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிடப் பழகியிருந்தான். அப்படிப்பட்டவன் தலையில்தான் நான் இதைக் கட்டினேன். கடையோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. அடுத்த நாளே வால் போன் செய்தான். ஹாலில் சார்ஜில் கிடந்த என் போனை வீட்டுக்காரர் எடுத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். சோபாவில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். நான் சமையலறையில்.

"சார், உங்க பையனோட கம்ப்யூட்டருக்கு ரேடியேட்டர மேல வைக்கவா, முன்னாடி வைக்கவா? டீச்சர்கிட்ட கேக்க மறந்துட்டேன்."

"ரேடியேட்டரா? நீ என்ன கார் கடையாப்பா?"

வால் விளக்கினான். நன்றாகவே விளக்கினான். கேமுக்குன்னே கட்டுற மெஷின் சார், டீச்சர்தான் பாத்துப் பாத்து எடுத்தாங்க, தம்பி குடுத்து வச்சவரு.

பையன் ஹால் மூலையில் மறுநாள் இன்டர்வியூவுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். போனை வைத்ததும் அவர் ஆரம்பித்தார்.

"வேலை வெட்டி இல்லாம வீட்ல உக்காந்துட்டு, அம்மா சம்பளத்துல விளையாட்டுச் சாமான் கேக்குதாடா உனக்கு? சோறு போடறதே பெருசு. கொஞ்சமாவது ரோஷம் இருக்கா?"

"விடுண்ணா," என்றாள் நாத்தனார். விட வேண்டாம் என்ற குரலில் சொன்னாள். "அண்ணி செல்லம் குடுத்துக் குடுத்துதான் இப்படி."

நான் கரண்டியோடு வாசலில் வந்து நின்றேன். பையன் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தான். இப்போது சொல்லவேண்டும். வாயைத் திறந்தால் போதும். நாத்தனார் இதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாளே என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியில் அவன் என் முகத்தைப் படித்துவிட்டான்.

"ஆமாப்பா. நான்தான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு, சட்டையின் காலரைத் தேய்த்தான்.

நான் சமையலறைக்குத் திரும்பிப் போனேன். தாளித்தேன். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தாளித்துக்கொண்டு நின்றேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

சாப்பாடு முடிந்து அவன் அறைக்குப் போனபோது, எனக்கு முன்னால் அவனே பேசினான்.

"பேப்பர் திருத்தறவங்க, 'பின்னாடி வரான், பின்னாடி வரான், சுடு'ன்னு கத்த மாட்டாங்கம்மா. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

"நான் போய் அப்பாகிட்டச் சொல்லிடறேன்."

"விடும்மா. நான் திட்டு வாங்கிப் பழகிட்டேன். உனக்குப் பழக்கமில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். இவன் சின்னவனாக இருந்தபோது விருந்தாளிகள் முன்னால் இவனுடைய கேம் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டியவள் நான். அவன் விடச் சொன்னான் என்பதைப் பிடித்துக்கொண்டு நானும் விட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாத்தனார் ஊருக்குப் போகட்டும், அவனுக்கு வேலை கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு கிடைத்தது. வீட்டுக்காரர் அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அவன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கே போய்விட்டான்.

அடுத்த வாரம் வால் சாமான்களோடு வந்து இறங்கினான். பையன் அறையில்தான் கட்டினான். வேறு எங்கே கட்டுவான்? குழாய்களை வளைத்து, இணைப்புகளை முறுக்கி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தான். பம்பை மட்டும் ஓடவிட்டான். தண்ணீர் குமிழிவிட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

"எங்கயாவது கசிஞ்சா பேப்பர் காட்டிக் குடுத்துரும். கொஞ்ச நேரம் காத்திருக்கணும், அவசரப்பட்டா எல்லாம் போச்சு," என்றான்.

வேடிக்கை பார்க்க நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்தார். நான் ஒவ்வொரு பேப்பராகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் காய்ந்தே இருந்தன. பிறகு பேப்பர்களை எடுத்துவிட்டு, கேம் ஏற்றி நான் கொடுத்திருந்த பழைய டிஸ்கை மாட்டி, மெஷினைக் கிளப்பினான். என் கேம் திரையில் வந்து நின்றது.

"உக்காருங்க தம்பி. உங்க மெஷின், நீங்கதான் முதல்ல தொடணும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் வால். பையன் நகரவில்லை. அவனுக்குக் கூச்சம் என்று வால் நினைத்திருக்கவேண்டும். தோளில் கைபோட்டான்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. சார் எல்லாம் சொன்னாரு. ஒரு வேலை கிடைக்கற வரைக்கும் இதத் தொடாதீங்க. நான் விளையாடி மாட்டினப்ப டீச்சர் எங்கிட்டக் கேட்டாங்க. 'உங்கம்மா வேர்வை சிந்தி அனுப்பறது இதுக்காடா? உன்னப் பெத்ததுக்கு அவங்க தலைகுனியணுமா?' அந்தக் கேள்விதான் என்ன மனுஷனாக்குச்சு. அதையே உங்ககிட்டக் கேக்கறேன். அம்மா தலைகுனியற மாதிரி வச்சுக்காதீங்க."

என் வார்த்தைகள். ஒரு எழுத்து மாறாமல் என் வார்த்தைகள். என் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கண்ணா" என்றான்.

"அது என்னுது," என்றேன்.

"எது?" என்றார் வீட்டுக்காரர்.

"இந்தக் கம்ப்யூட்டர். அவன் கேக்கவே இல்ல. நான் விளையாடறதுக்கு நான் வாங்கினேன். பேப்பர் திருத்தறேன்னு சொன்னதெல்லாம் பொய்."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணி, பையனக் காப்பாத்தறதுக்கு ஒரு அளவு வேணாமா!" வால் கண் கலங்கிவிட்டான். "அம்மான்னா அம்மாதான் சார்." வீட்டுக்காரர் பையனைப் பார்த்த பார்வை முன்னைவிட மோசமாக இருந்தது. "பாருடா. உனக்காக இந்த வயசுல எப்படியெல்லாம் பொய் சொல்றா பாரு."

பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் என்னைத் தியாகி ஆக்குகிறார்கள். அந்தப் பட்டத்தோடு கௌரவமாக வெளியே போய்விடலாம் என்று அப்போதும் ஒரு புத்தி சொன்னது. அதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஹெட்போன் மாட்டவில்லை. இடது கை விரல்கள் தாமாகவே போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. முதலில் ஒருவன் கூரையிலிருந்து குதித்தான், சுட்டேன். பின்னால் ஒருவன் வந்தான், திரும்பிச் சுட்டேன். காது நுனிவரை எரிந்தது. ஸ்பீக்கரில், எங்கிருந்தோ என்னோடு சேர்ந்து ஆடிய ஒரு சின்னப் பையனின் குரல், "சூப்பர் ப்ரோ!" என்று என்னைப் பாராட்டியது. முதுகுக்குப் பின்னால் நாத்தனாரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்டம் முடிகிறவரை நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எல்லார் முகத்தையும் பார்க்கவேண்டுமே.

ஆட்டம் முடிந்தது. மெஷினிலிருந்து துளிச் சத்தம் வரவில்லை.

"டீச்சர்..." என்றான் வால்.

வீட்டுக்காரர் பையன் பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அன்னைக்கு அவ்வளவு திட்டினேனேடா. நீ ஏண்டா அப்பவே சொல்லல?"

பையன் ஈரமில்லாத டிஷ்யூ பேப்பர்களைப் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்.

"அம்மா சொல்லுவாங்கன்னு இருந்தேன்."