ஓரகத்திக்கு வந்த ஆப்பிள்

கவரைப்பேட்டை வயலில் களை பறித்துவிட்டுச் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் நுழைந்த பூவம்மாளின் கண்ணில் முதலில் பட்டது ஆப்பிள் பைதான். கொழுந்தன் மோகன்ராஜ் தன் பெண்டாட்டி பூமிகாவுக்கு அதைச் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் பக்கமாக ஃபேனைத் திருப்பி வைத்தது யார் என்கிறீர்கள்? பூவம்மாளின் சொந்தப் புருஷன் மணவாளன்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூமிகாவுக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை. அங்கே நடந்த மருத்துவ முகாமில், மார்பில் கட்டி இருப்பதாகச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவள்தான் மகாராணி. காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது தனக்கொரு மாத்திரை வாங்கிவர ஆளில்லையே என்று பூவம்மாள் உள்ளுக்குள் வெந்தாள்.

"பயாப்ஸி எடுத்தாங்களாமே? ஊசி போட்டுக் கிளறினா ஒடம்பு பூரா பரவிடும். நானா இருந்தா கிட்ட உட்டிருக்க மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பூமிகாவின் முகம் சுண்டிப்போனதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

குளிக்கப் போனதும் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. அவளுடைய இடது மார்பிலும் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. ஆடியில் கண்டது, இப்போது ஐப்பசி. இத்தனை வாய் பேசிவிட்டு, போயும் போயும் பூமிகாவிடமா போய் நிற்பது?

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. "பினைன்னு போட்டிருக்கு" என்று பூமிகா சிரித்தாள். நல்லதெல்லாம் இவளுக்கே வருகிறதே என்று பூவம்மாளுக்கு எரிந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்டீன்னா இன்னாடி?"

"வெறும் கட்டிதான், கேன்சர் இல்லன்னு அர்த்தங்க்கா."

"ஊசி போட்டாங்களே, பரவாதா?"

"அதெல்லாம் பரவாதுக்கா. துளியூண்டு சதைய எடுத்து டெஸ்ட் பண்றதுதான் பயாப்ஸி. மேமோகிராம்னா மாருக்கு எடுக்கற எக்ஸ்ரே. ஸ்டேஜுன்னா நோய் எவ்ளோ தூரம் போயிருக்குன்னு சொல்றது. எனக்கும் பயந்தான். ஒவ்வொன்னா டாக்டரம்மாவ கேட்டுக்கினேன்."

"கட்டி வலிக்கவே இல்லன்னா?"

பூமிகா நிமிர்ந்து பார்த்தாள். "வலிக்கலன்னு உட்ரக் கூடாதுக்கா. யாருக்கு?"

பூவம்மாளுக்குக் கண் கலங்கியது. பூமிகா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில், பூவம்மாளுக்கு வந்தது பினைன் இல்லை, புற்றுநோய்தான். ஆனால் முதல் ஸ்டேஜ்; குணப்படுத்திவிடலாம் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவளுக்குப் பூமிகா ஆப்பிள் சீவிக் கொடுத்தாள்.

பார்க்க வந்த களை பறிக்கும் பெண்களில் செண்பகம் மடக்கினாள்: "ஊசி போட்டா பரவிடும்னு நீதான சொன்ன?"

"வயித்தெரிச்சல்ல சொன்னேன்டி" என்றாள் பூவம்மாள். "இவகிட்ட போய்க் கேக்கறதான்னு ரோஷத்துல வாய மூடிக்கினு இருந்தேன். நீங்க அப்டி இருக்காதீங்க. கட்டி தென்பட்டா ஒடனே காட்டுங்க. டாக்டர் சொல்ற வார்த்த புரியலன்னா வெக்கப்படாம கேளுங்க. நம்ம ரோஷம் தீர்ற வரைக்கும் அது வளராம காத்துக்கினு இருக்காது!"