பதினான்கு பதில்கள்

கடையில் மெத்தை விற்கத் தெரியாத ஒரே ஆள் நான்தான். இதை ஊரறியச் சொன்னவர் என் மனைவியின் அண்ணன். அவர்தான் கடை மேனேஜர். வேலை வாங்கிக் கொடுத்த பாவத்துக்கு என்னைத் தினமும் திட்டுகிற உரிமை அவருக்கு உண்டு. நான்கு வாரமாக என் கையால் ஒரு மெத்தைகூடப் போணியாகவில்லை. "இன்னைக்கு ஒண்ணாவது வித்துடு மாப்ள. இல்லன்னா நாளையிலேருந்து கிடங்குல மெத்தை தூக்கு" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

வாங்க வருகிறவர் என்ன சாக்குச் சொன்னாலும் மடக்குவதற்குப் பதினான்கு பதில்களை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். குளியலறையில், பஸ்ஸில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் என்று சொல்லிச் சொல்லி அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு டீச்சர் வந்தார். கையில் விடைத்தாள் கட்டு. அதை ஓரமாக வைத்து, செருப்பைக் கழற்றி, கண்ணில் பட்ட மெத்தையில் நீட்டிப் படுத்தார். நான் மூன்றாவது பதிலைத் தொண்டைவரை கொண்டுவந்து காத்திருந்தேன்.

"நல்லா இருக்கு. பில் போடுங்க" என்றார்.

பதினான்கில் இதற்குப் பதிலே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த நாசமாய்ப் போன வாய் மட்டும் ஓடியது.

"விலை ஜாஸ்தின்னு நினைக்காதீங்க மேடம்."

"நினைக்கலையே."

"முதுகு வலி வரும்னு பயப்படாதீங்க. வந்தாலும் ஒரு மாசம்தான்."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். "முதுகு வலி வருமா?"

"எல்லாருக்கும் வராது மேடம். அப்புறம், நடுவுல குழி விழும்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்றாங்க?"

"யாரும் சொல்லல. சொன்னா நம்பாதீங்க."

அவர் கால் செருப்பைத் தேடியது. மூட்டைப்பூச்சி பற்றிய ஒன்பதாவது பதிலை நான் ஆரம்பிப்பதற்குள் மச்சான் பாய்ந்து வந்தார்.

"ஏன் சார், முதுகு வலி வருமா?" என்று டீச்சர் அவரைக் கேட்டார்.

"வராதுங்க."

"குழி?"

"விழாதுங்க."

"அப்ப பில்?"

"இதோ."

அவ்வளவுதான். விற்ற பெருமை அவருக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. டீச்சர் வாசலைத் தாண்டியதும் கேட்டே விட்டேன்.

"பதினாலுல ஒண்ணுகூட நீங்க சொல்லலையே மச்சான்?"

"அதெல்லாம் வேணாங்கறவங்களுக்கு. அந்தம்மா வாங்கவே வந்தவங்க. அவங்களயும் வேணாம்னு சொல்ல வைக்கப் பாத்தியே! நாளைக்குக் கிடங்குக்குப் போ."

மாமியார் வீட்டில் இனி எந்த முகத்தோடு போய் நிற்பது? எப்படியாவது இரண்டு நாள் தள்ளிப் போட வேண்டும்.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் மச்சான்."

"நான் காலையிலேயே கேட்டாச்சு. அங்க பேச்சுத் துணைக்கு ஆள் உண்டான்னு என் தங்கச்சி கேட்டா. ஈ காக்கா கிடையாதுன்னேன். அப்ப உடனே அனுப்புண்ணான்னு சொல்லிட்டா."