திரும்பி நடக்கும் பாட்டு

2006 மார்ச்சில் என் மனைவி அக்னெஸைப் புதைத்தோம். மொன்றியலில் மார்ச் என்றால் பெயருக்குத்தான் வசந்தம். அன்று மைனஸ் பதின்மூன்று.

பகலில் நான் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவன். மற்ற நேரமெல்லாம் லூசியனின் பழைய பாணி ஜாஸ் பாண்டில் கிளாரினெற் ஊதுவேன். யாழ்ப்பாணத்தில் கோயில் பாண்டில் பழகிய வாய்க்கு ஜாஸ் இரண்டே மாதத்தில் பிடிபட்டது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

செத்த வீடுகளுக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். அதற்கொரு முறை உண்டு. குழி வரைக்கும் மெதுவான பாட்டு. மண் போட்டதும் மேளம் தட்டும், கிளாரினெற் ஆட்டப்பாட்டை எடுக்கும், எல்லோரும் அதன் பின்னால் வெளியே நடப்பார்கள். கிளாரினெற் எடுக்கும்வரை ஒருவரும் அசைவதில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் ஊதவேணும்," என்று அக்னெஸ் ஆஸ்பத்திரியில் கேட்டாள். "அழுதுகொண்டு நிக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

என் அக்கா பிலோமினம்மா கொதித்துப் போனாள். "செத்த வீட்டில கூத்துப்பாட்டோ? சனம் காறித் துப்பும். நான் வரமாட்டன்." ஆனாலும் வந்தாள். சீலைக்கு மேல் இரண்டு கோட்டுப் போட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

ஃபாதர் செபித்து முடித்தார். மண் போட்டோம். மேளம் தட்டியது. நான் மெதுவான பாட்டையே மறுபடி எடுத்தேன்.

லூசியன் என்னைப் பார்த்தான். ஆனாலும் பாண்ட் கூடவே வந்தது. பாட்டு முடிந்தது, மேளம் தட்டியது. திரும்பவும் அதையே எடுத்தேன். எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை. ஆட்டப்பாட்டை எடுத்தால் அறுபது பேரும் நடப்பார்கள். முன்னால் நான் நடக்கவேண்டும். அவள் அந்தப் பனிக்குள் தனியே கிடப்பாள். எடுக்காதவரை அவள் எங்களோடுதான் இருக்கிறாள்.

நாலாம் தடவையில் ட்றம்பெற்றின் விசைகள் உறைந்துவிட்டன. பிறகு லூசியனின் ட்றொம்போனும் இறுகி நின்றது. என்னுடையது வெளிவேலைக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் கிளாரினெற், அது குளிருக்கு அஞ்சாது. தனியே ஊதினேன்.

லூசியன் கிட்ட வந்தான். "முடித்துவிடு, அம்புறோஸ். எல்லோரும் வீட்டுக்குப் போகட்டும்," என்று பிரெஞ்சில் சொன்னான்.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவன் விலகிப் போனான்.

பிறகு பிலோமினம்மா பனியை மிதித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது.

"தம்பி, எடடா."

"எதை?"

"அந்தக் கூத்துப்பாட்டைத்தான். சனம் விறைச்சுப்போய் நிக்குது. நானே கேக்கிறன்."

"எடுத்தா அவள் தனிச்சுப் போவாள், அக்கா."

கடவுள் இருக்கிறார், தேவதூதர்கள் இருக்கிறார்கள் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என் கையை விடவில்லை.

"ஓம்," என்றாள். "தனியத்தான்."

எடுத்தேன். விரல்களில் உணர்ச்சியே இல்லை, ஆனால் அவை தங்கள் பாட்டில் ஓடின. மேளமும் நானும் மட்டும். எனக்குப் பின்னால் அறுபது பேரின் சப்பாத்துகள் பனியில் நொறுநொறுத்தன. யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். நான் நடந்தேன்.

வாசலில் லூசியன் என் தோளைத் தட்டினான். இத்தனை வருடத்தில் நான் இவ்வளவு நன்றாக ஊதி அவன் கேட்டதில்லை என்றான். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.