நிழல் பிடிக்கும் லிப்ட் மெக்கானிக்

“கையை இன்னும் இறக்கலையா? அண்ணன் செத்து ரெண்டு மாசமாச்சே, அண்ணி!”

“நானா நிக்கச் சொன்னேன்? நீயே மாடிக்குப் போய்ப் பாரு. பதினொரு மணிக்கு வருவார், மூணு மணி வரைக்கும் அசைய மாட்டார்.”

“தண்ணித் தொட்டியோட நிழலா இருக்கப்போகுது.”

“தண்ணித் தொட்டிக்கு இடது தோள் சரிஞ்சா இருக்கும்?”

நாத்தனார் கைப்பையைக் கீழே வைத்தாள். முப்பத்தோரு வருடம் கருவிப் பையைத் தூக்கித் தூக்கி அவள் அண்ணனின் இடது தோள் சரிந்துதான் போயிருந்தது. மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே ஆள் யாரும் இல்லை. பழைய பெயின்ட் வாளிகளில் நின்ற ஒன்பது குடைமிளகாய்ச் செடிகளின் மேல், இரண்டு கைகளாலும் ஒரு போர்வையை விரித்துப் பிடித்திருக்கும் மனிதனின் நிழல் மட்டும் விழுந்திருந்தது. வெயில் நகர நகரத் தொட்டியின் நிழலும் துணிக்கொடியின் நிழலும் நகர்ந்தன. இது நகரவில்லை. கீழே வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தவள், “அண்ணன்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள்.

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலைக்காலம் முழுவதும் இருட்டுக் குழிகளுக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தொங்கியதால், ஓய்வு பெற்ற மறுநாளே வெயிலைத் தேடி மாடிக்குப் போனார். தக்காளியும் கத்தரியும் யார் வைத்தாலும் வரும் என்று சொல்லிக் குடைமிளகாயைப் பிடித்துக்கொண்டார். செடிகள் இடுப்புயரம் வளர்ந்தன, வெள்ளை வெள்ளையாகப் பூத்தன, பூத்ததெல்லாம் காம்போடு உதிர்ந்தது. காலையில் பூக்களை விரலால் சுண்டிப் பார்த்தார், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டார், எதற்கும் மசியவில்லை. விதைக் கடைக்காரர் சிரித்தார். “செடி மேல தப்பில்ல சார், நம்ம ஊர் வெயில் அப்படி. அனல் ஏறினா பூவை உதறிடும். நிழல் வலை கட்டுங்க.” பச்சை வலையை ஒரு சுருள் வாங்கி வந்தார். அதன் ஓரத்தை மடித்து நாடா வைத்துத் தைக்காவிட்டால் முதல் காற்றுக்கே கிழிந்துவிடும். தைக்க வேண்டியவள் வீட்டிலேயே இருந்தாள். அவர் மனைவி அந்தத் தெருவுக்கே தையல்காரி. ஆனால் அது பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு முந்தைய மாதம். சீருடைத் துணி அவள் கழுத்து வரை குவிந்து கிடந்தது. “இந்த யூனிஃபார்ம் ஒழியட்டும், தைச்சுத் தரேன்” என்றாள். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம், கம்பியால் கட்டியாவது ஒப்பேற்றியிருக்கலாம். பெண்டாட்டி தையல்காரியாக இருக்கும்போது இன்னொருவர் தைத்ததைத் தன் வீட்டு மாடியில் கட்டினால் தெரு என்ன பேசும் என்று அவர் நினைத்தார். வலை வரும்வரை, கட்டில் போர்வையைத் தண்ணீரில் நனைத்துக் கையாலேயே பிடித்து நின்றார். பதினொன்று முதல் மூன்று வரை, பன்னிரண்டு நாள்.

பதின்மூன்றாம் நாள் மதியம் அவள் நூற்றுப்பதினான்காவது காலரைத் தைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மோட்டார் மெஷின் நின்றதும் வீட்டில் இருந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. மேலே போனாள். ஒரு கிளைகூட ஒடியாதபடி வாளிகளுக்கு இடையில் ஒடுங்கி விழுந்திருந்தார். சூடு தாக்கி இறந்ததாக டாக்டர் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், “ரெண்டு மணி இருக்கும், ‘இங்க பாரும்மா’ன்னு ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. காக்காவாக்கூட இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தையல்காரிக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அவர் கூப்பிட்டாரா? மெஷின் சத்தத்தில் அவள் காதில் விழாமல் போனதா?

நிழல் வந்த நாள் முதல் பூக்கள் உதிரவில்லை. கத்திரி வெயிலிலும் காய் பிடித்தது. கைக்கு அடங்காத, தடித்த தோல் காய்கள். அவற்றை அறுக்கும்போது அவள் காதருகே வைத்துக்கொள்வாள். உள்ளே அடைந்திருந்த காற்று, வேலை முடித்து உட்காரும் ஆள் விடுகிற மூச்சைப் போல மெல்ல வெளியேறும். சொல் எதுவும் வராது. தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து ஒருவர் தெர்மாமீட்டரோடு வந்து, நிழலுக்குள் நாலு டிகிரி குறைவு என்று கண்டுபிடித்து, படிவத்தில் ‘நிழல் அமைப்பின் வகை’ என்ற கட்டத்தில் ‘கணவர்’ என்று எழுதி, இரண்டு காய் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி மூன்று கோடை ஓடியது. தினமும் மாடியேறி அவள் அதே கேள்வியைக் கேட்டாள், நிழல் பதில் சொல்லவில்லை. நாலாவது கோடை பழைய கோடைகளைத் தூக்கிச் சாப்பிட்டது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. நிழலின் முழங்கைகளில் ஊசி ஊசியாக வெளிச்சம் ஒழுகத் தொடங்கியது. கைகள் நடுங்கியபோது இலைகளின் மேல் வெயில் விட்டு விட்டு விழுந்தது. பார்த்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

“செத்த மனுஷனைக்கூட வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்களே, இது அடுக்குமா? அந்த வலையைத் தைச்சு மாட்டுங்க. அவர் உட்காரட்டும்.”

“மாட்டினா போயிடுவார்டி. நிழல் மேல நிழல் விழுந்தா எது நிக்கும்?”

“போனா போகட்டுமே.”

“அவர்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன். பதில் வரல.”

“எப்படி வரும்?” நாத்தனாருக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. “கை வேலையில இருக்கும்போது எங்க அண்ணன் என்னைக்கு வாயைத் திறந்திருக்கார்? லிப்ட் வேலைல பேச்சு கூடாது, பேசினா விரல் போயிடும்னு அவரே சொல்வார். நீங்களும் மூணு வருஷமா ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கிற ஆளைப் போய் நச்சரிக்கிறீங்க!”

தையல்காரி அன்று சாயங்காலமே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கழுத்து வரை சீருடைத் துணி இந்த வருடமும் இருந்தது. ஒதுக்கி வைத்தாள். நாலு ஓரமும் மடித்து, நாடா வைத்து, இரட்டைத் தையல் போட்டாள். மூலைகளில் கயிறு கோக்க வளையம் பதித்தாள். முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதை நினைத்துத்தான் அவள் அழுதாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு நிழல் வந்து கைகளை விரித்தது. அண்ணியும் நாத்தனாருமாகத் தொட்டிக் குழாயில் இரண்டு மூலையையும், கொடிக் கம்பத்தில் இரண்டு மூலையையும் கட்டினார்கள். கடைசி முடிச்சு இறுகியதும் மாடியில் பச்சை வெளிச்சம் பரவியது. வாளிகளின் நிழல் அழிந்தது, இரண்டு பெண்களின் நிழலும் அழிந்தது. அவர் நிழல் வெளிறியது, ஆனால் போகவில்லை. வலது கை இறங்கியது. கொஞ்சம் பொறுத்து இடது கையும் இறங்கியது. போர்வையின் நிழல் தரையில் மடிந்து விழுந்தது. பிறகு அவர் நிழல், கவிழ்த்து வைத்திருந்த காலி வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தது.

நாத்தனார், “நான் கீழே இருக்கேன்” என்று படியிறங்கினாள். செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரம். தையல்காரி தண்ணீரைத் திறக்கவில்லை. இன்னொரு வாளியைக் கவிழ்த்து, அவருக்கு எதிரே போட்டு, உட்கார்ந்தாள்.

“கைதான் காலியாயிடுச்சே. அன்னைக்கு என்னைக் கூப்பிட்டீங்களா? எதுவா இருந்தாலும் பரவாயில்ல, வாயைத் திறந்து சொல்லுங்க.”