உணவுக்குழாய்க்குப் பேரம்

சம்மட்டி எறிந்த தட்டு சுவரில் மோதித் திரும்பி அவன் பெண்டாட்டியின் புருவத்தைக் கிழித்தது. உன்னைக் குறிவைக்கவில்லை என்று அவன் பிறகு சொன்னான். குறி அவள்தான். தட்டு கொஞ்சம் சுற்றுவழியில் போனது, அவ்வளவுதான்.

"சோத்துல என்னடி கலக்குறே?"

"உப்பு. வேற என்னத்தைக் கலக்க?"

"அப்புறம் ஏன்டி நெஞ்சுலயே நிக்குது?"

எங்கள் பழைய இரும்புக் கடைவீதியில், சம்மட்டி என்று பெயரெடுத்த இவன் கடை வாசலைத் தாண்டும்போது லாரிகூட ஹாரனை அடக்கி வாசிக்கும். எடை போடும் மேடையையே நெளிய வைக்கும் உடம்பு அது. இப்போது சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. சோறு இறங்கவில்லை, பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. சாப்பிட்டுப் படுத்தால் தின்றது தின்றபடியே தலையணைக்கு வந்தது. உடம்பு இளைக்க இளைக்கக் கை நீண்டது. மூட்டை தூக்குகிறவனின் பல்லைப் பெயர்த்தான். மச்சானைத் தூணில் வைத்துக் கழுத்தை நெரித்தான். கடைசியில், பெண்டாட்டி விஷம் வைக்கிறாள் என்று வீதிக்கே கேட்கக் கத்தினான். எதையும் உரசிப் பார்த்து வாங்கும் எங்கள் வீதி இந்தச் சரக்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. அவள் கையால் ஒருவரும் டீ வாங்கிக் குடிக்கவில்லை.

"இந்த ஆள் செத்தா என்னை உயிரோட விட மாட்டாங்கடா" என்றாள் தம்பியிடம்.

அந்தத் தம்பிக்கு வீதி வைத்த பெயர் அரைவிலை. என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்பான். அவன்தான் அக்காவையும் மாமாவையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்த டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "உணவுக்குழாயோட அடியில ஒரு தசை இருக்கு. விழுங்குறப்ப அது திறக்கணும். இவருக்குத் திறக்கலை. சாப்பாடெல்லாம் மேலயே தேங்கி, குழாய் பை மாதிரி தொங்குது. விஷமும் இல்லை, ஒண்ணும் இல்லை. வாய் வழியாவே உள்ள போய் அந்தத் தசையை வெட்டி விட்டுடலாம்."

சம்மட்டி சரக்கைக் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. "தண்ணி இறங்கட்டும், இவ யோக்கியம்னு ஒத்துக்கறேன். இறங்கலைன்னா இவ என் வீட்டுப் படி ஏறக் கூடாது."

"அதுக்கு முன்னால மூணு நாள் தண்ணி ஆகாரம்தான்" என்றார் டாக்டரம்மா. "கட்டியா ஒரு பருக்கை கூடாது. உள்ள மிச்சம் இருந்தா, மயக்க மருந்து குடுக்கறப்ப மேல வந்து நுரையீரல்ல இறங்கிடும். ஆளே போயிடுவார்."

"ஒன்றரை நாள்னு வெச்சுக்கலாமே?" என்றான் அரைவிலை.

"மூணு."

"சரி, எனக்கும் வேணாம் உங்களுக்கும் வேணாம், ரெண்டு."

டாக்டரம்மா சிரித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். எங்கள் வீதியில் சிரித்துவிட்டு நகர்ந்தால் பேரம் படிந்தது என்று பொருள். அரைவிலைக்கு வேறு பொருள் தெரியாது. ஆக முதல் நாள் கணக்கில் வராது. அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து மாமாவுக்கு ரொட்டியும் கறியும் கொடுத்தான். மாமா முக்கி முக்கி, கண்ணில் நீர் வழிய, அத்தனையையும் உள்ளே தள்ளினார்.

சிகிச்சை அன்று நர்ஸ் கேட்டாள்: "மூணு நாளா கட்டியா ஏதாவது சாப்பிட்டாரா?"

வாங்கிய விலையை வெளியில் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. "வெறும் தண்ணி" என்றார்கள் மாமனும் மச்சானும் ஒரே குரலில். பெண்டாட்டியும் அப்படித்தான் நம்பினாள்.

ஊசி ஏறியது. சம்மட்டியின் கண் செருகியது. மூச்சுக்குழாயில் குழாய் இறங்குவதற்குள், பழுப்பாக, புளித்த நாற்றத்தோடு, கறித்துண்டும் ரொட்டியும் கொப்பளித்துத் தொண்டையை நிரப்பின. மயக்க டாக்டர் அவனை ஒருக்களித்துப் புரட்டினார். பாதி மயக்கத்தில் இருந்த உடம்புக்குத் தன்னைக் கொல்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. முஷ்டி பறந்து டெக்னீஷியனின் உதட்டைப் பிளந்தது. காலால் உதைத்த உதையில் மருந்துத் தட்டு சிதறியது. நான்கு பேர் ஏறி அமுக்கினார்கள். முகம் நீலமானது, பிறகு கறுத்தது. உறிஞ்சும் குழாய் கறித்துண்டில் அடைத்து வீறிட்டது. டாக்டரம்மா விரலையே உள்ளே விட்டுத் தோண்டி எடுத்தார். அந்த விரலை அவன் கடித்தான். அப்படியும் அவர் விரலை வெளியே இழுக்கவில்லை.

வெளியே வந்தவரின் கையுறையில் ரத்தம். "யார் சாப்பாடு குடுத்தது?"

"ரெண்டு நாள்னு பேசினோமே..." என்றான் அரைவிலை.

"யாரு பேசினா?"

"நீங்க சிரிச்சீங்களே டாக்டரம்மா."

அக்கா கையில் இருந்த எவர்சில்வர் பிளாஸ்கால் தம்பியின் காதோடு சேர்த்து ஒன்று வைத்தாள். அவன் விழுந்தான். விழுந்தவனை மறுபடி வைத்தாள். "பேரம் பேச என் தாலிதான்டா கிடைச்சுது உனக்கு?" வாட்ச்மேன் வந்து பிளாஸ்கைப் பிடுங்கியபோது அது சப்பையாகியிருந்தது.

நுரையீரலில் சீழ் பிடித்தது. மெஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. வீதியிலிருந்து போன் செய்தவர்கள் யாரும் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை, என்ன கொடுத்தாள் என்றுதான் கேட்டார்கள். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்தபடி கிடந்தாள்.

சாகவில்லை. பழைய இரும்பு லேசில் உருகாது. தேறியதும் இரண்டாம் தடவை சிகிச்சை. இந்த முறை அவள் கட்டில் காலோடு காலாக உட்கார்ந்து, மூன்று நாளும் கஞ்சித் தண்ணியைக்கூடத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். அரைவிலை வராந்தாவோடு நின்றான். உள்ளே, உணவுக்குழாயின் உள்தோலைக் கீறி, தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் குடைந்து போய், இறுகிக் கிடந்த தசையை மின்கத்தியால் இழை இழையாகக் கருக்கி அறுத்தார்கள். கீறிய வாயைச் சின்னக் கிளிப்புகளால் கவ்வி மூடினார்கள்.

மறுநாள் எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டரம்மா டம்ளரை நீட்டினார். சம்மட்டி ஒரு மடக்கு குடித்தான். அது திரும்பி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. இன்னொரு மடக்கு. அதுவும் வரவில்லை.

"டாக்டரம்மா, இனி இவரைத் தொடலாமா? உள்ள வெட்டினது பிரியாதே?" என்று கேட்டாள் பெண்டாட்டி.

"தாராளமா. நெஞ்சுலயும் வயித்துலயும் மட்டும் கை படாம பாத்துக்குங்க."

"படாது" என்று சொல்லி, ஓங்கி அவன் கன்னத்தில் விட்டாள். டம்ளர் தெறித்துப் போனது. திருப்பி அடிக்க எழுந்த அவன் கை பாதியில் நின்றது. தொண்டை இன்னும் காய்ந்து கிடந்தது. தண்ணீர்க் கூஜா அவளிடம் இருந்தது.

"டேய், நம்ம வீதி டீக்கடைக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு" என்றாள் தம்பியை உள்ளே கூப்பிட்டு.

அந்தப் பக்கம் பத்துப் பேர் இரைச்சல். "யாருப்பா?"

"சம்மட்டி. அவ... விஷம் வைக்கலை."

"யாரு? குரல் சம்மட்டி மாதிரி இல்லையே!"

கூஜாவின் மூடியைத் திருகித் திறந்து, அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டாள். "இன்னும் சத்தமா."