கட்டாதவர்களின் டிராக்டர்கள்

எங்கள் ஊரில் பயிர்க்கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர் அப்பா ஒருவர்தான். நிலக்கடலை விற்ற கையோடு கடத்தூருக்குப் போய், கூட்டுறவு சொசைட்டியில் வட்டியும் முதலுமாகக் கட்டிவிட்டு வந்தார். சில வாரங்களில் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. நிலுவையில் இருந்த கடனுக்கு மட்டும்தான். கட்டாதவர்கள் எல்லாரும் தப்பித்தார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் சென்னப்பன் பெரியப்பா, கட்டாமல் வைத்திருந்த பணத்தை முன்பணமாகக் கொடுத்து டிராக்டர் எடுத்தார்.

அதன்பிறகு அப்பா டீக்கடைக்குள் நுழைந்தாலே யாராவது எழுந்து பெஞ்சில் இடம் விடுவார்கள்.

"நாணயஸ்தர் வர்றாரு, நவுருங்கய்யா. கவர்மெண்டுக்கே கடன் குடுத்தவரு."

அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்கமாட்டார்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது, இந்த முறையும் தள்ளுபடி உண்டு என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆடி முடிந்ததும் புது டிராக்டர்கள் வர ஆரம்பித்தன. மாரியம்மன் கோயில் முன்னால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்காத வாரமே இல்லை.

அப்பாவும் அரூருக்குக் கிளம்பினார். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பத்தாவதோடு நின்றவள் என்றாலும், வீட்டில் நோட்டீஸ் படிக்கத் தெரிந்தவள் நான்தான்.

எங்களுக்கு இருப்பது அப்பாவின் மானாவாரிக் காடு கொஞ்சம், அம்மாவின் கிணற்றுக்கொல்லை கொஞ்சம். கிணற்றுக்கொல்லை அம்மாவுக்கு அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்தது. நாங்கள் சாப்பிடுவது அதில் விளைவதைத்தான். இந்த அளவு நிலத்துக்குக் கையால் தள்ளும் பவர் டில்லரே போதும். அதை வாங்கத்தான் அப்பா போனார். கடையில் அதைத் தொட்டும் பார்த்தார்.

விற்பனைக்காரப் பையன் சிரித்தான். "அண்ணா, எப்படியும் தள்ளுபடி ஆவப்போறதுல சின்னது எதுக்குங்க? சின்னது எடுத்தா சின்னதுதான் தள்ளுபடி ஆவும்."

அப்பா திரும்பி, வரிசையில் கடைசியாக நின்ற பெரிய சிவப்பு டிராக்டரைப் பார்த்தார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, போன தடவ தள்ளுபடி ஆனது சொசைட்டிக் கடன். இது பைனான்ஸுங்க."

"டிராக்டர் விவசாயத்துக்கா, சினிமாவுக்குப் போறதுக்கா? விவசாயத்துக்கு வாங்குனா விவசாயக் கடன்தான் புள்ள."

பைனான்ஸ்காரர்கள் ஈடு கேட்டார்கள். மானாவாரிக் காட்டை அவர்கள் ஏற்கவில்லை. கிணற்றுக்கொல்லையின் பத்திரம் வேண்டும் என்றார்கள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சில தாள்களில் எழுத்தே இல்லை. என்னிடம் காட்டி என்னவென்று கேட்டாள். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "போடு, போடு, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். அம்மா அதிலும் போட்டாள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. மாசியில் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தது. தவணைக்கு வேண்டிய பணம் அப்படியே கையில் இருந்தது. அம்மா அதை மஞ்சள் பையில் சுருட்டி அப்பாவிடம் கொடுத்தாள்.

"மொத தவணைங்க. இத மட்டும் கட்டிட்டு வந்துடுங்க. கெணத்துக்கொல்ல எனக்குத் தப்பிச்சிரும்."

அப்பா தலையாட்டிவிட்டு டிராக்டரை ஓட்டிக்கொண்டு அரூருக்குப் போனார். அம்மா அன்றைக்கு வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தாள். களை எடுக்கும்போது என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா திரும்பியபோது டிராக்டரின் பின்னால், மண்ணைப் பொடியாக்கும் புது ரொட்டவேட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கத்திகளில் பெயிண்ட் இன்னும் பளபளத்தது. கூடவே சென்னப்பன் பெரியப்பா மட்கார்டில் உட்கார்ந்து வந்தார்.

"நல்லவேள நிர்மலா, நான் பாத்தேன்" என்றார் பெரியப்பா. "பைனான்ஸ் வாசப்படி ஏறப்போறாரு உன் வூட்டுக்காரரு. கையப் புடிச்சு இழுத்தேன். கட்டிப்புட்டா லிஸ்ட்டுல பேரு வராதுய்யா, மறுக்கா ஏமாளியாவப் போறயான்னு கேட்டேன்."

"நீங்க உங்க தவணையக் கட்டிட்டீங்களா மாமா?" என்று அம்மா கேட்டாள்.

"நானா? எனக்கென்ன கிறுக்கா?"

"உங்க டிராக்டருக்கு எதுங்க ஈடு?"

"அது எம் மச்சான் பேருல இருக்குற காடு." பெரியப்பா இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டார். "காப்பி போடு புள்ள."

அம்மா காப்பி போட்டாள். தம்ளரை வைத்துவிட்டுப் போய், ரொட்டவேட்டரின் ஒரு கத்தியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்காமல், இதைப் பூட்டினால் வாடகை அதிகம் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் தேர்தல் முடிந்தது. வைகாசியில் முதல் கோடை மழை பெய்தது. மறுநாள் விடியும்போதே ஊர் முழுக்க எஞ்சின் சத்தம். தெருவுக்குத் தெரு டிராக்டர்கள் உறுமிக்கொண்டு கிளம்பின. அப்பாவும் போனார். ஓட்டுவதற்கு ஆள் இருந்தது, உழச் சொல்ல ஆள் இல்லை. எல்லார் வீட்டு வாசலிலும் டிராக்டர் நின்றது. டிராக்டர் இல்லாத ஒன்றிரண்டு பேரின் காட்டுக்குப் பாதி வாடகைக்கு ஓட்ட, வரப்பிலேயே சண்டை நடந்தது. அப்பா காரிமங்கலம் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு, டீசல் தீரப்போகும் நேரத்தில் திரும்பினார்.

சாயங்காலம் எங்கள் மானாவாரிக் காட்டை உழுதார். மறுநாள் அதையே மறுபடி உழுதார். அதற்கடுத்த நாளும் அப்பா வண்டியைக் கிளப்பியபோது, அம்மா கதவருகே நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மண்ணு மாவாப் போச்சு பாப்பா. காத்தடிச்சா எல்லாம் பறந்துரும்."

தவணை கேட்டு போன் வந்துகொண்டே இருந்தது. அப்பா எடுக்கவில்லை. எடுத்தால் தள்ளுபடிக்கு ஆகாது என்று சென்னப்பன் பெரியப்பா சொல்லியிருந்தார். அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் டீக்கடையில் புதிதாக ஒரு பேச்சு வந்தது. அதிகாரிகள் ரகசியமாக நிலம் நிலமாகக் கணக்கெடுக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் அறிவிப்பு என்றார்கள்.

ஒரு காலையில் கிணற்றுக்கொல்லை ஓரம் வெள்ளைக் கார் வந்து நின்றது. சட்டையை பேண்ட்டுக்குள் விட்டிருந்த இருவர் இறங்கினார்கள். ஒருவர் கையில் அளக்கும் டேப். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

"பாப்பா, வா, வா! கணக்கெடுக்க வந்துட்டாங்க."

வந்தவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் கேட்டார், "தண்ணி எப்படிங்க?"

"சித்திரையிலயும் வத்தாதுங்க சார். மோட்டார் ஓடுனா ஓடிக்கிட்டே இருக்கும்."

கிணற்றைப் படம் எடுத்தார்கள். மோட்டார் ரூமை, கரண்ட் கம்பத்தை, தார் ரோட்டிலிருந்து வரும் வழியைப் படம் எடுத்தார்கள். முன்பு வறட்சி நிவாரணத்துக்காக வந்த கிராம நிர்வாக அலுவலர் முதலில் கேட்டது என்ன பயிர் என்றுதான். காய்ந்த செடியைப் பிடுங்கிக்கூடப் பார்த்தார். இவர்கள் காலடியில் கிடந்த தக்காளிச் செடிகளைப் பார்க்கவே இல்லை, மிதித்துக்கொண்டு நடந்தார்கள்.

"இந்தப் பக்கம் ஏக்கர் என்ன வெலைங்க போவுது?"

அப்பா இருக்கும் விலையைவிட நிறையக் கூட்டிச் சொன்னார். பிறகு என் காதருகே குனிந்தார். "கொறச்சுச் சொன்னா தள்ளுபடியும் கொறஞ்சிரும் பாப்பா."

"கண்ணு, இந்த நுனிய அந்தக் கல்லுல வச்சுப் புடிச்சிக்கம்மா" என்று சின்னவர் டேப்பை என்னிடம் நீட்டினார். அப்பா, "புடி, புடி" என்றார். பிடித்தேன். அப்பா என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை.

அப்போது அம்மா வந்தாள். காரைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"நீங்க எந்த ஆபீஸுங்க?"

சின்னவர் பெரியவரைப் பார்த்தார். "அரூர்லேருந்துங்கம்மா" என்றார் பெரியவர்.

"அவதாங்க நிர்மலாதேவி" என்று அப்பா குறுக்கே புகுந்தார். "நெலம் அவ பேருலதான் இருக்குதுங்க. கையெழுத்து ஏதாச்சும் போடணுங்களா சார்?"

"வேணாங்க. அவங்க கையெழுத்தெல்லாம் டிராக்டர் எடுத்த அன்னிக்கே வாங்கிட்டோம்."

அம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தியா புள்ள, நமக்கு அலைச்சலே இல்ல."

பெரியவர் தாளைத் திருப்பினார். "அடுத்த கல்லு எங்க இருக்குதுங்க?"

"முள்ளு கெடக்குதுங்க சார், பாத்து வாங்க" என்று சொல்லி, காலால் முள்ளை விலக்கிக்கொண்டே அப்பா முன்னால் நடந்து வழி காட்டினார்.